புளி போட்டுத் தேய்த்த விளக்குகள்

ஒத்தக்கடை,
திங்கட்கிழமை.

அன்பு மகள் சரண்யாதேவிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், அப்பாவின் முட்டிவலியும் எங்களோடு சேர்ந்து சுகமாகவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை முகேஷும் அந்த ஊர்க் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்வதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை முதல் நடந்ததெல்லாம் உனக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும். முழுதாக என் வாயால் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பட்டறையில் கல்யாணக் குத்துவிளக்குகள் குவிந்து கிடப்பதால் இடமில்லை என்று, பட்டறைக்காரர் பாண்டியராஜன் உன் கடைக்குச் செய்த பித்தளை விளக்குப் பெட்டிகளை நம் வீட்டு ஹாலில் இறக்கிவிட்டுப் போனார். திங்கட்கிழமை லாரி வரும்வரை பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றுதான் நீ சொன்னாய், திறக்காதே என்று சொல்லவில்லை. ஒரு பெட்டியைத் திறந்தேன். தொங்கவிடும் விளக்கு, சுவரில் மாட்டும் தட்டு, எல்லாம் விறகடுப்புப் புகையில் கிடந்த கரண்டி மாதிரி கறுத்துக் கிடந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைதானே, வந்து பார்க்கவா போகிறது என்று பழைய சாமானை உன் தலையில் கட்டிவிட்டார் என்றே நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்று அப்பா சொன்னார். அவர் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கறுத்த விளக்கை வீட்டில் வைத்திருப்பார்களா? எதிர்வீட்டுத் தங்கப்பொண்ணையும் அவள் மருமகளையும் கூப்பிட்டேன். புளியைக் கரைத்து, செங்கல் பொடியும் தேங்காய் நாருமாக உட்கார்ந்துவிட்டோம். பொழுது சாயும்போது இரண்டு பெட்டிதான் பாக்கி, மற்றதெல்லாம் கண்ணைப் பறித்தது. உள்ளூரப் பெருமையோடு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

‘அம்மா, என்னம்மா பண்ணி வச்சிருக்க’ என்று பதில் வந்தது. அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் ஓட்டல்காரர்கள் ஆர்டரே கொடுத்தார்கள், பார்த்துப் பார்த்து ஏற்றிய நிறம் அது என்று நீ போனில் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. இருந்த வேலையை விட்டுவிட்டு நீ ஆரம்பித்த கடை, அதற்கு வந்த முதல் பெரிய ஆர்டர், இது கைவிட்டுப் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்றாய். நீ என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஏம்மா உனக்குக் கை சும்மா இருக்காதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாய் பார், அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு நானும் அப்பாவும் விளாங்குடி தாண்டி அந்தப் பட்டறைத் தெருவுக்குப் போனோம். பாண்டியராஜன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ‘யக்கா, கறுப்பாக்கத்தானே நாங்க அம்புட்டுப் பாடுபட்டோம்’ என்றார். தப்பு என்னுடையது, என் மகள்மேல் வைக்காதீர்கள் என்றேன். அவர் எழுந்து, கல்யாணக் குத்துவிளக்குகளை ஓரமாக ஒதுக்கச் சொன்னார். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘மத்தவுக போட்டோவப் பாத்து வெலையத்தான் கொறைப்பாக. உங்க மக தை மாசம் வந்து உலைகிட்ட பகல் பூரா நின்னு பாத்துச்சு. ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் எங்க பட்டறை முத்திரையத்தான் குத்தணும்னு சொல்லுச்சு. அதுக்காக ஞாயித்துக்கிழமையும் பட்டறையத் தொறப்போம்’ என்றார். ஏன் தாயி, இதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே. நல்லதை மட்டும் மறைக்க யாரிடம் கற்றாய்? எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, சுற்றி ஆட்கள் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

நிறம் ஏற்றுவது மலையம்மாள் என்கிற பெண்ணின் பொறுப்பு. நான் தேய்க்காமல் விட்ட இரண்டு பெட்டிதான் அவளுக்கு மாதிரி. மருந்துத் தண்ணீரில் முக்கி, சூடு காட்டி, துடைத்து, மெழுகு தடவி, பழைய விளக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்ததைத் தொடுவாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ‘உள்ள வாங்க மதினி, தேய்ச்ச கைக்குத் தொடைக்கத் தெரியாதா’ என்று கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துத் துணியைக் கொடுத்தாள். இரண்டு நாளும் அங்கேதான் வேலை, அங்கேதான் சாப்பாடு. எனக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? மொதலாளியம்மாவோட அம்மா. அப்பா அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்கிறார், அவரைத்தான் அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. நேற்றுச் சாயங்காலம் கடைசிப் பெட்டியை மூடினார்கள், இன்று காலையில் லாரி தூத்துக்குடிக்குப் புறப்பட்டுவிட்டது.

ஒரே ஒரு விளக்கு மட்டும் நிறம் பிடிக்காமல் திட்டுத்திட்டாக நின்றது. நான் அவ்வளவு அழுத்தித் தேய்த்திருக்கிறேன். வீடியோவில் பார்த்துவிட்டு, அத நீயே வச்சுக்கம்மா என்றாய். குரலில் சிரிப்பு வந்திருந்தது, எனக்கு உயிர் வந்தது.

ஏம்மா உனக்குக் கை சும்மா இருக்காதா என்று அன்றைக்குக் கேட்டாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். சின்ன வயதில் ஊரில் பெரிய வீட்டுக் கொல்லையில் பித்தளை தேய்க்கிற வேலை எனக்கு. தேய்த்துக் கவிழ்த்துவிட்டு நான் ஒதுங்கி நிற்க வேண்டும், அந்த வீட்டம்மா தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டு போவார். எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்தாலும் ஒரு சொம்பைக்கூட நான் கையில் எடுத்துக்கொண்டு நடுவீட்டுக்குள் போனதில்லை. அன்றைக்கு நம் ஹால் நிறையப் பித்தளை, அத்தனையும் என் மகள் பெயரில் வந்தது. கை எப்படியம்மா சும்மா இருக்கும்?

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். கடை பெருக வேண்டும், உன் சொல்லுக்கு இன்னும் நாலு பட்டறை திறக்க வேண்டும். காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே. அந்த விளக்கை நானே தூக்கிக்கொண்டு போய் நடு ஹாலில் மாட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்ப்பேன், அதற்கு நீ ஒன்றும் சொல்லக் கூடாது.

உன்னால் தலை நிமிர்ந்த அம்மா,
ராமக்காள்