வேனுக்குப் பின்னால் அண்ணன் மோட்டார்

3 மார்ச், திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. அம்மா பாவாடையை விசிறிக்குக் கீழே கட்டியிருக்கிறேன்.

வேலை உறுதி. மேரு ஊரில் உள்ள கையுறை பாக்டரி. அடுத்த திங்கள் சேரவேண்டும். ஆபீஸில் இருந்த மலாய்க்கார அக்கா என் சர்ட்டிபிகேட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பள்ளிப் படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றது பற்றியும் கேட்கவில்லை. சொந்த வண்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். காலை ஷிப்டுக்கு எங்கள் காப்பார் ஊர்ப் பக்கம் பஸ் கிடையாது, பாக்டரி வேனும் வராது. இருக்கிறது என்றேன். இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை.

குமார் அண்ணன் மோட்டார் சைக்கிளை நினைத்துத்தான் சொன்னேன். சிங்கப்பூர் போகும்முன் என்னை லைசன் எடுக்க வைத்தார். போகும் அன்று சாவியைக் கொடுத்து, "ஓட்டு பாப்பா, சும்மா நின்னா துருப்பிடிச்சிடும்" என்றார். இப்போது வீட்டில் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். அப்பாவுக்குக் கால் மடங்காது, தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக் குலை விழுந்த கால். கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். கடைத்தெரு வருவதற்கு முன்பே இறங்கி நடப்பார்.

இரவுச் சாப்பாட்டின்போது வேலையைப் பற்றிச் சொல்ல இருந்தேன். அப்பா முந்திக்கொண்டார். மோட்டார் மலர் அக்கா வீட்டுக்குப் போகிறதாம். கல்யாணப் பேச்சிலேயே ஒப்புக்கொண்டதாம். தை மாதமே கொடுத்திருக்கவேண்டுமாம். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில், அக்கா மாமியார் ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துவிட்டு அக்கா முகத்தைப் பார்க்கிறாராம்.

வேலையைப் பற்றி அம்மாவிடம் மட்டும் சொன்னேன். இப்போது பேசாதே என்றாள். எப்போது என்று சொல்லவில்லை.

5 மார்ச், புதன்

வெயில். லிம் ஒர்க்‌ஷாப்பில் மோட்டாருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. அண்ணன் பெட்ரோல் டாங்கியில் ஒட்டியிருந்த கழுகு ஸ்டிக்கர் போய்விட்டது.

பெரியப்பா மகன் சேகர் அண்ணன் வந்தார். கேட்டரிங் வேன் ஓட்டுகிறவர். மோட்டாரை எப்படிப் பிரிக்பீல்ட்ஸ் கொண்டுபோவது என்று அவரும் அப்பாவும் லிம்மும் வாசலில் உட்கார்ந்து பேச்சு. நான் காப்பி கலக்கிக் கலக்கிக் கொடுத்தேன்.

மாமியார் கேட்பது இது: யாரும் ஓட்டிக்கொண்டு வரக்கூடாது. கடையிலிருந்து புது வண்டி வருவதுபோல இன்னொரு வண்டியில் வந்து, மாலையோடு இறங்கவேண்டும். பக்கத்து வீடுகள் பார்க்கவேண்டும்.

பேசிய வழிகள்:

வேனுக்குள் ஏற்றுவது. சட்டிபானை வைக்கும் இரும்புத் தட்டு உள்ளே வெல்டிங் செய்திருக்கிறது. முடியாது.

குலை ஏற்றும் லோரி. எண்ணெய்ப் பிசுக்கு, சேறு. மாப்பிள்ளை வீட்டுக்குக் குலை லோரியிலா என்று அம்மா அடுப்படியிலிருந்தே.

கயிறு கட்டி வேனுக்குப் பின்னால் இழுப்பது, மேலே ஒருவர் உட்கார்ந்து. லிம் இதைக் கேட்டதும் கையை உதறினார். முன்னால் வேன் பிரேக் போட்டால் பின்னால் இருப்பவன் நேரே அதன் முதுகில். கயிறு தொய்ந்தால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அவர் மச்சான் அப்படித்தான் பல்லைப் பறிகொடுத்தாராம்.

பந்தல்காரரின் இரண்டு சக்கர டிரெய்லர். நாற்காலி ஏற்றுவது. லிம் இதுதான் நல்லது என்றார். மோட்டாரின் ஸ்டாண்டை மடக்கிவிடவேண்டும். முன்சக்கரம் பலகையில் முட்டி நிற்கவேண்டும். ஹேண்டிலிலிருந்து நான்கு மூலைக்கும் கீழ்நோக்கி இழுத்துக் கட்டவேண்டும், ஸ்பிரிங் பாதி அமுங்கும் அளவுக்கு. ஸ்டாண்டில் நின்றால் ஆடும், அழுத்திக் கட்டினால் ஆடாது.

டிரெய்லர் என்று முடிவு. ஞாயிறு.

நான் ஒரே ஒரு முறை வாய் திறந்தேன். வேனுக்குப் பின்னாலேயே நான் ஓட்டி வரட்டுமா, அக்கா வீட்டுத் தெரு மூலையில் நிறுத்தி டிரெய்லரில் ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். அப்பா காப்பியைப் பார்த்தார். சேகர் அண்ணன்தான் சிரித்தார். "மோட்டார் கேட்டா மோட்டார் ஓட்டுற பொண்ணையும் சேத்து அனுப்புறீங்களானு கேப்பாங்க."

லிம் சிரிக்கவில்லை. என் காப்பி இனிப்பு அதிகம் என்றார்.

8 மார்ச், சனி

டிரெய்லர் இல்லை. பந்தல்காரருக்கு ஜெஞ்சாரோமில் ஒரு கல்யாணப் பந்தல் வேலை. நாளைய பயணத்தைத் தள்ளிப்போட முடியாது. மாமியார் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டாராம்.

சேகர் அண்ணன் கிள்ளானில் யாரிடமோ ஓர் இரும்புத் தட்டு வாங்கி வந்து வேனின் பின் பம்பரில் நட்டுப் போட்டு முறுக்கினார். மோட்டாரைக் குறுக்காக அதன்மேல் ஏற்றினோம். நானும் தூக்கினேன். தூக்கும்போது மட்டும் நான் பெண் என்பது யாருக்கும் நினைவில்லை.

லிம் சொன்னபடி கட்டிப் பார்த்தார்கள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தலை குனிந்து தண்டனை வாங்குகிற பிள்ளை மாதிரி இருக்கிறது என்றார். அவிழ்த்துவிட்டு நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தினார்கள். நிமிர்ந்தால்தான் மாலை அழகாகத் தொங்குமாம். பொட்டலம் கட்டும் ராபியாக் கயிறு, அதற்குமேல் அப்பா இடுப்பில் கட்டுகிற சாரோங். லிம்மைக் கூப்பிடலாமா என்று அம்மா கேட்டாள். அவன் சீனன், சீர் கொண்டுபோவது அவனுக்கு என்ன தெரியும் என்றார் அப்பா.

நாளை மறுநாள் வேலை.

9 மார்ச், ஞாயிறு

வந்து குளித்துவிட்டேன். எழுத்து கோணல்.

காலையில் வேன் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, டாங்கியில் குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டுப் புறப்பட்டோம். அப்பா முன்னால். நானும் அம்மாவும் சட்டிகளுக்கு நடுவில், மோட்டாரைப் பார்த்தபடி. கிள்ளான் தாண்டும்வரை சரியாகத்தான் நின்றது. ஹைவேயில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஸ்டாண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. நான் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா கத்தினாள். வேன் சத்தத்தில் முன்னால் கேட்கவில்லை.

பத்து தீகா என்ற ஊர் வளைவில் ஸ்டாண்டு தட்டை விட்டு இறங்கியது. மோட்டார் படுத்தது. சாரோங் கிழிந்தது. பின்சக்கரம் ரோட்டில் இழுபட, பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்து விலகிப் போனது. அந்த டிரைவரின் முகம் தெரிந்தது. அவர் விலகாமல் இருந்திருந்தால் என்று நினைக்கப் பிடிக்கவில்லை.

ஓரம் நிறுத்தினார்கள். இரும்புத் தட்டு வளைந்து தொங்கியது. சிக்னல் விளக்கு ஒன்று போச்சு. கால் வைக்கும் கம்பி கோணல். மாலை எங்கோ. மழை பிடித்துக்கொண்டது.

அப்பா சேகர் அண்ணனிடம், "நீ ஓட்டிட்டு வாடா. வேனை மெல்ல நான் எடுக்கறேன்" என்றார். மடங்காத காலோடு. சேகர் அண்ணன் மோட்டாரைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

"எனக்கு மோட்டார் வராது சித்தப்பா."

"என்னது?"

"சின்னப்பவே விழுந்துட்டேன். அப்புறம் தொடவே இல்ல."

அப்பா என் பக்கம் திரும்பாமலே சாவியை நீட்டினார்.

ஓட்டினேன். சுரிதார் முழுக்க நனைந்து கனத்தது. பெட்டாலிங் ஜெயா, பாலங்கள், பெரிய பெரிய லோரிகள். இவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. பயமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. இதை எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீடு தெருவின் முதல் வீடு; அதற்கு முந்திய மூலையில் வேன் நின்றது. "இங்கயே இறங்கு, உள்ள போய் உக்காரு" என்றார் அப்பா. அம்மா கடையில் புது மாலை வாங்கினாள். சேகர் அண்ணன் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். தட்டு உடைந்தது, அதனால் அவர் ஓட்டி வந்தார் என்பது அங்கே சொல்ல வைத்திருந்த கதை.

நான் வேனில். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. எல்லாம் கேட்டது. இந்த மழையில் ஹைவேயில் ஓட்டி வந்தீர்களா என்று சேகர் அண்ணனுக்கு மாமியாரின் மெச்சுதல். மாப்பிள்ளைக்கும் சந்தோஷம். அவருக்கு ஓட்டத் தெரியாதாம், சேகர் அண்ணன்தான் சொல்லித்தரவேண்டுமாம். "அதுக்கென்ன, சேகருக்குத் தெரியாத வண்டியா" என்று அப்பா.

அக்கா ஒரு கிளாஸில் தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். மெலிந்துவிட்டாள். என் நனைந்த கையைப் பிடித்தாள். பிறகு என் செருப்பைப் பார்த்தாள். சேறு.

"நீதானே."

தலையாட்டினேன்.

"சொல்லிடாதே பாப்பா. இன்னைக்குத்தான் சிரிச்சுப் பேசுறாங்க."

தேத்தண்ணீர் சூடாக இருந்தது. குடித்தேன்.

11 மார்ச், செவ்வாய்

நேற்று இரண்டு பஸ் மாறி, மிச்சம் நடந்து மேரு போனேன். ஷிப்டு தொடங்கி வெகுநேரம். மலாய்க்கார அக்கா திட்டவில்லை. மோட்டார் என்ன ஆச்சு என்று கேட்டார். இன்று நேரத்துக்கு வந்தால் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். இன்று முதல் பஸ்ஸே எங்கள் பக்கம் வரும்போது அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும். போகவில்லை.

அப்பாவுக்கு இப்போதுதான் வேலை விஷயம் தெரிந்தது. வீட்டில் வேலையா இல்லை என்றார். கிளினிக்குக்கு வியாழக்கிழமை எப்படிப் போவார் என்று நான் கேட்கவில்லை.

குமார் அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மழை என்று எழுதினேன். நிறுத்திவிட்டேன்.

14 மார்ச், வெள்ளி

பக்கத்து வீட்டுப் போனுக்கு அக்கா கூப்பிட்டுப் பேசினாள். மோட்டார் வாசலில் சும்மா நிற்கிறதாம். ஓட்ட ஆள் இல்லாத வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாமியார் மறுபடி ஆரம்பித்துவிட்டாராம். சேகர் அண்ணன் எப்போது வருவார் என்று கேட்டு அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அழுகை. பிறகு மீன் கழுவினேன்.

16 மார்ச், ஞாயிறு

வெயில், புழுக்கம். சேகர் அண்ணன் சிநேகிதரின் மோட்டாரை வேறு ஒருவரை ஓட்டவிட்டு, பின்னால் உட்கார்ந்து வந்தார். அடுத்த வாரத்துக்குள் நான் அவருக்குக் கற்றுத்தரவேண்டும். பிறகு அவர் போய் மாப்பிள்ளைக்குக் கற்றுத்தருவார்.

முடியாது என்றேன். சத்தமாகவே வந்தது. அப்பா சோற்றிலிருந்து நிமிர்ந்தார்.

"உன் அக்கா வாழ வேணாமா?" என்றாள் அம்மா.

வீட்டுக்குப் பின்பக்கம், செம்பனை மரங்களுக்கு நடுவில், ரோட்டுக்குத் தெரியாத இடம். அதையும் அப்பாவே பார்த்துச் சொன்னார். கியர் காட்டினேன். பிரேக் காட்டினேன். சேகர் அண்ணன் இரண்டு தரம் விழுந்தார். மூன்றாம் தரம் வண்டி ஆடி ஆடிப் போனது. விழாமல் இருக்கக் கேரியரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, அம்மாவிடம் சொன்னார்: "பாரு, ஆம்பளப் பையனுக்குச் சொல்லியே தர வேணாம். தானா வருது."

பிடியை விடவில்லை. ஓடிக்கொண்டே இருந்தேன்.