வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

ஜூன் 9

என்னங்க,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். போன் பண்ணாமல் கடிதம் போடுகிறாளே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே திங்கள் முதல் சனி வரை போனை ஆபீசில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கொடுப்பார்கள்தான். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் அதற்குப் பதிலும் சொல்லி, அந்தப் பதிலுக்கு நீங்களே கோபமும் பட்டுவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள். கையெழுத்துப் போடும்வரை என் ராஜ்யம்.

பயிற்சி மையம் பழைய கிடங்கு மாதிரி இருக்கிறது. நடுவில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு லிஃப்ட், சுற்றிச் சுவரே இல்லாமல், எலும்பும் நரம்பும் தெரிய நிற்கிறது. அதைத்தான் நாங்கள் கழற்றி மாட்டிப் பழக வேண்டுமாம். பெண்கள் நான்கு பேர், எல்லோருக்கும் ஒரே அறை. என் பக்கத்துக் கட்டில்காரி மேல்கட்டிலைக் கையை நீட்டாமலே துடைக்கிறாள். அவளுக்கு நெட்டை என்று பெயர் வைத்துவிட்டோம்.

நாலு மாதப் பயிற்சி. முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் வந்து ஆள் எடுப்பார்கள், எந்த ஊர் என்று இப்போதே சொல்ல முடியாதாம். அதற்கு முன்னால் எனக்கு ஒரு கண்டம் இருக்கிறது. பத்தாவதில் என்னைக் கவிழ்த்த அதே கணக்கு, ஜூலையில் பரீட்சை. தேறாவிட்டால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். சாயங்காலம் தனி வகுப்பு வைக்கிறார்கள். விகிதம் வந்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.

நான் கிளம்பும்போது "இருபத்திமூணு வயசுல ஸ்கூல் பையத் தூக்கிட்டுப் போறியா?" என்று கேட்டீர்கள். பஸ்ஸில் வழி நெடுக அதுதான் காதில் ஓடியது. எனக்கென்று ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். உங்களை விட்டுப் போகவில்லை. இதை நம்புங்கள்.

அத்தையின் முட்டிக்குத் தைலம் மேல்தட்டில் இருக்கிறது. எல்லா டப்பாவையும் இறக்காதீர்கள்.

உங்கள்
குசும்பி

ஜூன் 17

ஏய் குசும்பி,

எல்லா டப்பாவையும் இறக்கிய பிறகுதான் உன் கடிதம் வந்தது. அம்மா இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

நான் குறுக்கே பேசுகிறேனாம்! பெயிண்ட் கடையில் எட்டு வருஷம் நின்றால் நீயும் பேசுவாய். வருகிறவன் "ஒரு மாதிரி வெள்ளை, ஆனா ரொம்ப வெள்ளையா இல்லாம..." என்று இழுப்பான். அவன் முடிக்கிறவரை காத்திருந்தால் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான். "உங்களுக்கு வேண்டியது தந்தம் கலர்" என்று நான் சொன்னதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியுமே, அதற்குத்தான் முதலாளி எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்.

விகிதத்துக்குக் கொட்டாவியா? இதோ கேள். ஒரு பங்கு நீலத்துக்கு நாலு பங்கு வெள்ளை. பத்து லிட்டர் கலவை வேண்டும். நீலம் எவ்வளவு? நீ "பத்தில் கால்வாசி, இரண்டரை" என்பாய். அங்கேதான் கவிழ்கிறாய். டப்பாவுக்குள் இருப்பது மொத்தம் ஐந்து பங்கு. பத்தை ஐந்தாக வெட்டு. நீலம் இரண்டு, வெள்ளை எட்டு. இரண்டரை ஊற்றினால் சுவர் நீச்சல்குளம் மாதிரி ஆகிவிடும். பின்பக்கம் பன்னிரண்டு கணக்கு எழுதியிருக்கிறேன், எல்லாம் பெயிண்ட். செய்து அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அந்தப் பையைப் பற்றி நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. வீடு இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. டிவியைப் போட்டால் சத்தமாக இருக்கிறது, அணைத்தால் அதைவிட மோசம்.

உன்
முந்திரிக்கொட்டை
(நீ வைத்த பெயர்தானே)

ஜூலை 23

என்னங்க,

தேறிவிட்டேன்! எண்பத்தொன்று! விகிதத்தில் ஒன்றுகூடத் தப்பில்லை. நீங்கள் அனுப்பிய பெயிண்ட் கணக்குகளை வகுப்பு டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டு எல்லோருக்கும் நடத்தினார். "இத எழுதினது யாரு?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர்" என்று சொல்லும்போது எனக்குத் தலை கால் புரியவில்லை. நீங்கள் இல்லையென்றால் நான் இந்நேரம் பெட்டியோடு வாசலில் நின்றிருப்பேன்.

அந்தப் பெருமை மறுநாளே போயிற்று. இங்கே இண்டர்வியூ பழக்கிக் கொடுக்க ஒரு மேடம் வருகிறார். எதிரில் உட்கார வைத்து, "உன்னைப் பத்திச் சொல்லும்மா" என்றார். நான் எழுந்து நின்று, "எங்க வீட்டுக்காரர் பெயிண்ட் கடையில வேலை பாக்குறாரு, எங்க அத்தைக்கு முட்டி வலி" என்று ஆரம்பித்தேன். அறையே சிரித்தது. "அவங்களையெல்லாம் வேலைக்கு எடுக்கலம்மா, உன்னைத்தான்" என்றார். அப்புறம் எனக்கு ஒன்றும் வரவில்லை. உண்மையாகவே ஒன்றும் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. கையில் ஸ்பேனரோடு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெட்டை திட்டுகிறாள்.

குசும்பி

ஜூலை 30

எண்பத்தொன்று எடுத்த என் குசும்பிக்கு,

கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டேன். முதலாளி "அவங்க பாஸானதுக்கு நீ ஏன்டா காலரைத் தூக்கிவிடுற?" என்கிறார்.

இண்டர்வியூவுக்கா கவலை? என்னிடம் விடு. வழக்கமாகக் கேட்கிற கேள்வி இருபதுக்குப் பதில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றிச் சொல் என்றால், உன் பலம் என்ன, பலவீனம் என்ன, குடும்பம் ஒத்துழைக்குமா, எல்லாம் இருக்கிறது. மனப்பாடம் செய். நடுவில் யோசிக்காதே, யோசித்தால் உளறுவாய்.

இன்னொன்று. நம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் லிஃப்ட் ரிப்பேர்க்காரர் ஒருவர் இருக்கிறார். ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்க ஆள் தேடுகிறாராம். நிழலில் வேலை, சாயங்காலம் வீடு. வெளியூர்க் கம்பெனி என்று ஆழம் தெரியாமல் காலை விடாதே. உனக்குத் தனியாக இருந்து பழக்கமில்லை. எனக்கும் இல்லை என்பது வேறு விஷயம்.

முந்திரிக்கொட்டை

செப்டம்பர் 3

என்னங்க,

கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பதில்களை மேடத்திடம் ஒப்பித்தேன். பாதியில் நிறுத்தி, "யாரோ எனக்குப் பெயிண்ட் விக்கிற மாதிரியே இருக்கும்மா" என்றார். நான் சிரித்து, அவரும் சிரித்து, அப்புறம் என் வாயாலேயே சொல்லச் சொன்னார். திக்கித் திக்கிச் சொன்னேன். முதல் நாள் இரண்டு வாக்கியம் வந்தது. இப்போது வாயை மூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லிஃப்டில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி கூண்டின் தலையில் நிற்பாள், இன்னொருத்தி மேலே மோட்டார் அறையில். நான் "கீழ இறக்கு" என்றால் நெட்டை உடனே இறக்கக் கூடாது. "கீழ இறக்கட்டுமா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். நான் "ஆமா, இறக்கு" என்ற பிறகுதான் பொத்தானில் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் ஆளே போய்விடும். முதல் வாரம் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நான் சொன்னதை ஒருவர் அப்படியே கேட்டு, சரிதானா என்று திரும்ப என்னிடமே கேட்டுவிட்டுச் செய்தது, என் ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று நெட்டையிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

பெரிய விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நேற்று ஒரு கம்பெனி வந்தது. பதினோரு பேரில் என்னை மட்டும் எடுத்திருக்கிறார்கள்! பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு ராத்திரி பஸ் தூரம். எனக்குப் போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இதுவரை இவ்வளவு ஆசையாக எதுவும் இருந்ததில்லை. அங்கேயும் பெயிண்ட் கடைகள் இருக்கும், அத்தையையும் கூட்டிக்கொண்டு வரலாம். ஆனால் அது உங்கள் விஷயம், யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். இந்த ஒரு தடவை நான் முடிக்கும்வரை கேளுங்கள், போதும்.

குசும்பி

செப்டம்பர் 12

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றேதான் போனை எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஆபீசில் கூப்பிட்டார்கள். பெண்கள் என்றால் கம்பெனியே வீட்டுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்டுவிடுமாம். கேட்டார்களாம். "உங்க வீட்டுல விருப்பம் இல்லைன்னு சொல்லிட்டாங்களேம்மா" என்றார் ஆபீஸ்காரர். இல்லை சார், ஏதோ தப்பு நடந்திருக்கும் என்று நான் உங்களுக்காக வாதாடினேன். உங்கள் நம்பரைக் காட்டினார். வேலை நெட்டைக்குப் போய்விட்டது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டி கட்டுகிறாள். அவள் என்ன செய்வாள், பாவம்.

நீங்கள்தான் சொன்னீர்களா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள். கதை வேண்டாம்.

செப்டம்பர் 19

குசும்பி,

ஆமாம். நான்தான்.

கடையில் கூட்டம். போன் வந்தது. "உங்க மனைவியை இவ்ளோ தூரம் அனுப்ப உங்களுக்குச் சம்மதமா சார்?" என்று கேட்டார். "அவ வரமாட்டா சார், உள்ளூர்லயே பாத்துக்குறோம்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். போனை வைத்த பிறகு சாயங்காலம் வரை நேரம் இருந்தது. திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. உன்னைக் கேட்டிருந்தால் போகிறேன் என்று சொல்லியிருப்பாய். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

நான் செய்தது தப்பு. ஆயிரம் தடவை சொல்கிறேன், தப்பு. நீ இல்லாத வீட்டில் இனி வருஷக்கணக்கில் இருக்க வேண்டும் என்று நினைத்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் வேறெதையோ சொல்லித் தொலைத்தேன்.

நடந்தது நடந்துவிட்டது. பஸ் நிலையத்து லிஃப்ட்காரரிடம் பேசிவிட்டேன். நவம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து நீ வருகிறாய் என்று சொல்லியிருக்கிறேன். உனக்காக மின்விசிறிக்குக் கீழேயே மேஜை போடச் சொன்னேன். கோபம் ஆறியதும் ஒரு வரி எழுது. பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

உன்
முந்திரிக்கொட்டை

அக்டோபர் 14

என்னங்க,

கோபம் ஆறிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் மேல் கோபமாக இருந்தபோதெல்லாம் வீட்டுக்குத் திரும்பி வருவேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். மன்னிப்புக் கேட்ட கையோடு, அதே தாளில், ஒன்றாம் தேதியிலிருந்து நான் வருகிறேன் என்று இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். மேஜைகூடப் போட்டாயிற்று. முதலில் சிரிப்பு வந்தது. சத்தியமாக, விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் அழுதேன். நீங்கள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போன வாரம் வேறொரு கம்பெனி வந்தது. சின்னக் கம்பெனி, முன்னதைவிடத் தூரம். எல்லாக் கேள்வியும் முடிந்தது. பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்லதும்மா. வீட்டுல கேட்டுட்டுச் சொல்றீங்களா?" என்றார். துணிக் கடையில், டாக்டரிடம், பக்கத்து வீட்டில், எங்கே எது கேட்டாலும் "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய் இது. பாதி தூரம் வந்தும்விட்டது. நிறுத்திக்கொண்டேன். "இல்ல சார், கேக்க வேணாம். நான் வரேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் நடந்தது. வெளியே வந்து படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை சேர்கிறேன். நம்பர் மாற்றிவிட்டேன். அத்தையிடம் நான் தைரியமாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். அவருக்குப் போன தடவை வாங்கிய மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரிடம் அவரையே பேச விடுங்கள்.

எந்த ஊர் என்று எழுதவில்லை. எழுதினால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து வாசலில் நிற்பீர்கள். நீங்கள் வந்து நின்றால் நான் கதவைத் திறந்துவிடுவேன். அதனால்தான் எழுதவில்லை.

குசும்பி