மண்டபத்தின் நடுவில் நிற்பது

ஆகஸ்ட் 5

இன்று ‘வாகிரான்’ என்ற என் பெயரைப் பென்சிலை எடுக்காமல் ஒரே மூச்சில் எழுதினேன். அறுபத்தெட்டு வயதில். மனைவி துகினெம்மிடம் காட்டினேன். “உங்க பேரு இவ்ளோ நீளமா?” என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு படுத்துக்கொண்டேன். நாலு வரிக்கே கை கனத்துவிடுகிறது.

மழைக்காலத்துக் காய்ச்சல் போய் ஏழு மாதம். களைப்பு மட்டும் போகவில்லை. ரத்தம், இதயம் எல்லாம் பார்த்தார்கள். கெட்டது எதுவும் இல்லையாம். அப்படியென்றால் இது என்ன? பெயர் தெரியாத ஒன்று உள்ளே இருக்கிறது. அதுதான் பயம்.

ஆகஸ்ட் 7

இருபத்துநாலாம் தேதி, நான் வேலை செய்யும் பெரிய வீட்டு எஜமானியம்மாவுக்கு எண்பது வயது. விருந்தாளிகள் முன் முதல் தேநீரை நான்தான் கொண்டுபோக வேண்டும். நிமிர்ந்து நடக்கக்கூடாது, தட்டை ஏந்தி, குந்தியபடியே மண்டபம் முழுக்க நகர வேண்டும். நாற்பத்தொரு வருஷமாகச் செய்கிற வேலை. நடுவில் விழுந்துவிட்டால்? மறுநாள் தட்டு வேறு கைக்குப் போகும். அப்புறம் நான் யார்?

ஆகஸ்ட் 12

மருத்துவர் என்னை இபு ரெத்னோ என்ற ஆசிரியையிடம் அனுப்பினார். உட்காருவது, எழுவது, நடப்பது எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொடுக்கிறவர். எழுத்து வகுப்பும் சேர்த்து, இந்த வயதில் எனக்கு இரண்டு பள்ளிக்கூடம்.

நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஆசிரியருக்குச் சமமாகவா? தரையில் உட்கார்ந்தேன். அவரும் தரைக்கு வந்தார். நான் இன்னும் குனிந்தேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்து, கல் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு பாயில் மல்லாந்து படுத்தேவிட்டார். அதற்கும் கீழே போக இடமில்லை. நானும் படுத்தேன்.

“அப்பாடா. இனிமே எப்படிக் குனிவீங்க, பாக் வாகிரான்?” என்றார். என்னைப் போய் ‘பாக்’, ஐயா என்கிறார்.

முழங்கால்களை மடக்கி, தலைக்கு ஒரு புத்தகம் வைக்க வேண்டும். பையில் இருந்தது எழுத்து வகுப்புப் புத்தகம்தான். மனம் வரவில்லை. வைத்தேன். கழுத்தைத் தளர விடுங்கள், ஒன்றும் செய்யாதீர்கள் என்றார். பத்து நிமிடம். ஏனோ கண்ணில் தண்ணீர் வந்தது.

இது களைப்பைத் துரத்தாது, இருக்கிற பலத்தை வீணாக்காமல் காக்கும், அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

ஆகஸ்ட் 16

உடம்பு லேசாக இருந்தது. முற்றம் முழுக்கப் பெருக்கினேன். மண்டபத்தில் மூன்று முறை குந்தி நடந்து பார்த்தேன். முடிகிறது. முடிகிறது.

ஆகஸ்ட் 17

எழுந்திருக்க முடியவில்லை. வெளியே எங்கள் நாட்டின் சுதந்திர தினம், பிள்ளைகள் போட்டிக்குச் சாக்குக்குள் நின்று குதிக்கிறார்கள். நான் கூரையைப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 19

இபு ரெத்னோ கோபிக்கவில்லை. “நல்லா இருக்குற அன்னைக்குத்தான் நீங்க ஜாக்கிரதையா இருக்கணும். களைப்பு வர்றதுக்கு முன்னாடியே நின்னுடுங்க,” என்றார்.

மண்டபத்தின் நடுவில் நகராமல் நின்றுவிடுவதா? எஜமானி பார்க்க? அங்கே யாரும் நின்றதில்லை.

துகினெம் சொல்கிறாள்: “நின்னு நின்னுதான் வருவேன்னு அம்மாகிட்டச் சொல்லுங்களேன். வாயில என்ன, கொழுக்கட்டையா?” அவளுக்கென்ன. அம்மா கேட்காமல் நான் முதலில் வாய் திறந்தது கிடையாது. நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும்.

ஆனால் எழுதக்கூடாது என்று யாரும் சொன்னதில்லையே?

ஆகஸ்ட் 22

அம்மாவுக்கு ஒரு வரி எழுத மூன்று தாள் கிழித்தேன். ‘அம்மா, தட்டோடு வரும்போது நடுவில் இரண்டு முறை நிற்பேன். வாகிரான்.’ காலைத் தேநீர்த் தட்டில், கிண்ணத்துக்கு அடியில் வைத்தேன். எடுத்துப் படித்தார். மடித்தார். தேநீரைக் குடித்தார்.

ஆகஸ்ட் 23

அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. ஏன் எழுதினேன்? இப்ப தட்டை வேற யாருக்காவது குடுத்துட்டாங்கன்னா — நானே கெடுத்துக்கிட்டேனா?

ஆகஸ்ட் 24

தட்டை என் கையில்தான் கொடுத்தார்கள்.

மூன்றாவது தூணருகே குந்தியபடியே நின்றேன். கழுத்தைத் தளர விட்டேன். பேச்சு அடங்கியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். தட்டில் கிண்ணம் கிடுகிடுவென்று ஆடியது. தலை தானாக மேலே போனது. எஜமானியம்மா மடியில் கைகளை வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல் காத்திருந்தார். ஆறாவது தூணில் மறுபடி நின்றேன். அப்போதும் காத்திருந்தார்.

கிண்ணத்தை எடுக்கும்போது தாழ்ந்த குரலில், “எழுதக் கத்துக்கிட்டேன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றார்.

இப்போது பாயில் கிடக்கிறேன், புத்தகம் தலைக்கு அடியில். நாளைக்கு எழுவேனா, தெரியாது. அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார்: காலைத் தேநீரும் நானேதானாம். மூன்று முறை நிற்கலாமாம்.