வூரியா மலையில் ஒரு போலிச் சீழ்க்கை

வூரியா மலை
ஜனவரி 4

மாபெரும் வழிகாட்டி மகங்கா அண்ணனுக்கு,

பெரியம்மாவும் உன் புது பூட்ஸும் நலமா? போனில் என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டாய். ஆகவே மட்டாட்டு வேன் கண்டக்டர் கையில் இந்தக் கடிதம். கூடவே தாளில் சுற்றிய ஒரு முட்டை ஓடு. நான் பதினொரு நாள் காவலிருந்த அப்பாலிஸ் குருவியுடையது. நம் மலைகளை விட்டால் அதற்கு உலகத்தில் வேறு வீடு கிடையாது. பறவை பார்க்க வந்த உன் விருந்தாளி படமெடுக்க, போனில் அதன் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாய். வேறொரு ஆண் நுழைந்துவிட்டதென்று ஜோடியாகக் கூட்டை விட்டுச் சண்டைக்கு வந்தன. அணில் கூட்டுக்குள் போனது. கேட்டதற்கு என்ன சொன்னாய்? "முட்டைதானே புள்ள, மறுபடி போடும்."

கழுத்தில் 'கைடு' என்று அட்டை. 'கேடு' என்று திருத்திக்கொள். குருவிக்குப் பழிவாங்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்பைக் கழித்து,
வவுதா

வுண்டான்யி
ஜனவரி 12

தங்கச்சி வவுதாவுக்கு,

நேற்று நாலு விருந்தாளிகளோடு வந்தேன். அப்பாலிஸ் முன்னால் கூவிக்கொண்டே போனது. மூன்று மணி நேரம் காஞ்சொறிக்குள் பின்தொடர்ந்து, உங்கள் ஆட்டுக் கொட்டிலில் போய் நின்றோம். அவர்கள் சொறிந்துகொண்டே புகார் எழுதினார்கள். பறவை மன்றம் தான் கொடுத்த கைடு அட்டையைப் பிடுங்கிவிட்டது. அந்தச் சீழ்க்கை யாருடையதென்று எனக்குத் தெரியாதா? முதல் தப்பு என்னுடையதுதான். போதும், விட்டுவிடு.

மகங்கா

வூரியா மலை
ஜனவரி 13

மாஜி வழிகாட்டி அண்ணனுக்கு,

கிமங்கா மசியல் இப்போதுதான் வேகிறது, அதற்குள் கைகழுவச் சொல்கிறாயே. கொட்டிலில் உன் முகத்தைப் பார்த்து ஆடுகளே அசைபோடுவதை நிறுத்திவிட்டன. ஓடைப் பக்கம் தினமும் ஒளிந்து நிற்கிறாயாம், மாமி சொன்னாள். அட்டையில்லாமல் ரகசியமாக விருந்தாளி கூட்டி வருகிறாயா? நாளையும் கூவுவேன். நீ சொறிந்து முடிக்கிறவரை கூவுவேன்.

வவுதா

வுண்டான்யி
ஜனவரி 15

வவுதாவுக்கு,

விருந்தாளி யாருமில்லை. ஓடைக்கு மேலே அதே ஜோடி மறுபடி கூடு கட்டி இரண்டு முட்டை இட்டிருந்தது. காவலுக்கு நின்றேன். ரகசியமென்று உன்னிடமும் சொல்லவில்லை.

நேற்று நீ கூவியதும் நிறுத்தச் சொல்ல ஓடி வந்தேன். நீ சிரித்துக்கொண்டே தள்ளித் தள்ளிப் போனாய். உன் தலைக்கு மேல் குருவி இரண்டும் கத்தியதை என் போன் என்று நினைத்திருப்பாய். நான் போனே கொண்டுவரவில்லை. திரும்பிப் போனபோது கூடு காலி.

அட்டை போனதிலிருந்து உன்மேல் கறுவிக்கொண்டிருந்தேன். இனி அதற்கு வேலையில்லை. மன்றத்தில் சொல்ல மாட்டேன். சொன்னால் திட்டுவார்கள், அதோடு உன் கணக்குத் தீர்ந்துவிடும்.

இதோடு வைத்திருக்கும் தாளைப் பிரி. இந்த ஓடு உன்னுடையது.

மகங்கா