கூப்பிட்டால்தான் வருவோம்

அன்புள்ள அக்கா,

பரணிலிருந்து ஸ்வெட்டர் மூட்டையை இன்று காலை இறக்கினேன். முடிச்சை அவிழ்த்ததும் அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. நான் தனியாக நின்று சிரிப்பதைப் பார்த்து மகள் ஓடிவந்தாள். "பெரியம்மா அந்தமானுக்குக் கட்டுன மூட்டைடி" என்றேன். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். தேனியில் குளிர் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. அனுமந்தன்பட்டியில், உங்கள் வீட்டுத் திராட்சைப் பந்தலில், இந்நேரம் பனி சொட்டத் தொடங்கியிருக்கும். அந்தக் குளிருக்குத்தான் இந்த மூட்டை. காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அக்கா.

அண்ணனுக்கு வாக்கப்பட்டவர் நீங்கள், தம்பிக்கு வாக்கப்பட்டவள் நான். வந்த புதிதில் இந்தக் குடும்பத்தின் வீம்பு எனக்குப் பிடிபடவே இல்லை. கூடப் பிறந்தவர்கள்தான், ஆனாலும் வாய் நிறையக் கூப்பிடாமல் நல்ல நாளில் இன்னொருவர் வாசலை மிதிக்க மாட்டார்கள். தீபாவளியோ பொங்கலோ, பெரிய வீட்டு மருமகளாகிய நீங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டால் செல்லாது. "பொதுவா போட்டா அது எனக்கா, ஊருக்கா?" என்று ஆண்டிபட்டி நாத்தனார் ஒருமுறை வராமலே இருந்துவிட்டாரே! நீங்கள் பணியாரத்தைத் திருப்பிப் போட்டபடி, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, "ஏத்தா, வெள்ளனக் கெளம்பிருங்க. ஒங்க அண்ணன் ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காக" என்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர், எங்கள் பெரிய மாமா, யாரையும் கேட்டிருக்க மாட்டார். தோட்டத்தில் மோட்டார் ரூமில் இருப்பார். அது தெரிந்தும் எல்லோருக்கும் மனசு குளிர்ந்துவிடும்.

அந்தமான் யோசனையும் உங்களுடையதுதான். "வருசா வருசம் இந்த மலையவேதான் பாக்குறோம். ஒரு தடவ கடலுக்கு நடுவுல போயி நிப்பமே" என்றீர்கள். அரைப் பரீட்சை லீவில் மொத்தக் குடும்பமும் கிளம்பியது. மார்கழி என்றாலே குளிர், கடலுக்கு நடுவே என்றால் கேட்கவே வேண்டாம் என்று நீங்களாக முடிவுகட்டி, ஆளுக்கொரு ஸ்வெட்டர், ஆளுக்கொரு மங்கி கேப் என்று மூட்டை கட்டினீர்கள். எங்களில் ஒருவருக்காவது சந்தேகம் வந்ததா? கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்களிடம் மார்கழியில் வேர்க்கும் என்று சொன்னால் நம்பவா போகிறோம்! மங்கி கேப்போடு விமானத்தை விட்டு இறங்கினோம். அனல் முகத்தில் அடித்தது. வெளியே நின்ற தமிழ் டாக்சிக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "எல்லாருக்குமா காய்ச்சல்?" என்று கேட்டார். வேர்த்து வழிய நின்ற பெரிய மாமா உங்களைப் பார்த்து, "கழட்டிரட்டுமா?" என்றார். அப்போதும் உங்கள் உத்தரவுக்குத்தான் காத்திருந்தார்.

கடற்கரையில் அத்தனை ஸ்வெட்டரையும் மணலில் விரித்து எங்களை உட்காரவைத்தீர்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீங்கள் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "ஏலே பிள்ளைகளா, எல்லாரும் வாங்க! வெந்நி மாதிரி இருக்கு!" என்று கத்தினீர்கள். கடலுக்குள்ளும் நீங்கள் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினோம்.

பொங்கல் முடிந்ததும் நீங்கள் எங்களை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டீர்கள். அந்த வருடம் முழுக்கத் துக்கம், பண்டிகை இல்லை. இந்தத் தீபாவளிக்குப் புதுத்துணியெல்லாம் எடுத்து, அவரவர் வீட்டில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் கூப்பிடவில்லை. உங்கள் கொழுந்தன் காலையிலேயே குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். "அண்ணன் வீட்டுக்குப் போவமா?" என்றேன். "கூப்புடாம எப்பிடிப் போறது?" என்றார். அண்ணன் அங்கே தனியாக இருக்கிறார் என்று தெரிந்தே அப்படிச் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு பண்டிகையும் இப்படிப் போனால் இந்தக் குடும்பம் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் ஒன்றாக இருக்கும் என்று பயந்தும் போனேன்.

அதனால் கார்த்திகைக்கு நானே கூப்பிடத் துணிந்தேன். சின்ன மருமகள், அதுவும் அடுத்தவர் வீட்டுக்கு! பெரியவள் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்பார்களோ என்றும் யோசித்தேன். நேற்று முதலில் பெரிய மாமாவுக்குத்தான் போட்டேன். "மாமா, கார்த்திகைக்கு எல்லாரையும் பெரிய வீட்டுக்குக் கூப்புடலாம்னு இருக்கேன்." மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லைன் கட்டாகிவிட்டது.

வேண்டாம் என்று சொல்லவில்லையே! அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்கும் போட்டேன். "தீவாளிக்கே பையக் கட்டி வச்சிருந்தேன்த்தா, இப்பவாச்சும் ஒருத்தி கூப்புட்டியே" என்று தேவாரம் ஊரில் இருக்கும் நாத்தனார் அழுதுவிட்டார். "மொதல்ல எனக்குப் போட்டியா, தேவாரத்தாளுக்கா?" என்றார் ஆண்டிபட்டி நாத்தனார். அந்த வீம்பைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

போனை வைத்ததும் மறுபடி அடித்தது. பெரிய மாமா.

"எல்லாருக்கும் சொல்லிட்டியா தாயி?"

"சொல்லிட்டேன் மாமா."

"ஒனக்கு யாரு சொன்னா, வான்னு?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒங்க அக்கா எல்லாரையும் கூப்புட்டா. அவள ஒருத்தரும் ஒரு வார்த்த கூப்புட்டதில்ல. நானுந்தேன்" என்றார். "நம்ம வீட்டுக்கு வந்துரு தாயி. நாந்தேன் கூப்புடுறேன்."

"வாரேன் மாமா" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நாளைக் காலை வேன் வருகிறது. அரிசி மாவு இடித்தாகிவிட்டது, வெல்லம் வாங்கியாகிவிட்டது. கூப்பிடுகிற வேலை இனி என்னுடையது, அதை நான் விடப்போவதில்லை. நேற்று எல்லோரையும் கூப்பிட்டேன், ஒருவரைத் தவிர. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான்.

அக்கா, கார்த்திகைக்கு வந்துருங்க.