உன் கமேலியாவின் மே மாதப் படம்

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது வாசல் டைல்ஸில் ஏழு மொட்டுகள் கிடந்தன. காற்றுகூட இல்லை. ஒன்றை எடுத்து நகத்தால் பிரித்தேன். உள்ளே இதழெல்லாம் பழுப்பேறிப் பிசுபிசுத்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தொட்டியைத் தூக்கித் தெருவில் வைத்திருப்பேன். உன் செடி என்பதால் வைக்கவில்லை. அந்த ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன்.

இந்த ருவைஸ் பாலைவனத்தில் யாராவது கமேலியா வளர்ப்பார்களா? பக்கத்து வீட்டுக்கு நீ குடிவந்த புதிதிலேயே கேட்டேன். இந்த வெயிலுக்குக் காகிதப்பூவும் அரளியும் போதாதா என்றேன். நீ கோத்தகிரிக்காரி, கேட்கவில்லை. தேயிலைக்கு அது தங்கை முறை என்றாய். நவம்பரில் பூக்கிற ரகம் ஒன்று உண்டு, இங்கே வெயில் தணிவதும் அப்போதுதானே என்றாய். துபாயில் எங்கெங்கோ தேடி இரண்டு செடிகள் வாங்கிவந்து ஒன்றை என் தலையில் கட்டினாய்.

நான் வேதியியல் டீச்சர். மண்ணில் அமிலத்தன்மை வேண்டும், குழாய்த் தண்ணீரின் உப்பு ஆகாது என்று படித்துப் படித்து, வாரம் ஒரு உரம் போட்டேன். இன்று இந்த மூலை, நாளை அந்த மூலை என்று தொட்டியை இழுத்துக்கொண்டே இருந்தேன். நீ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினாய். நவம்பரில் உன் செடியில் இளஞ்சிவப்பாக ஐந்து பூக்கள். என்னுடையது மொட்டெல்லாம் கொட்டி, பொங்கலுக்குள் பட்டே போனது.

"உனக்குப் பொறுமை இல்லடி. தினம் எதையாவது பண்ணிட்டே இருந்தா அது எப்பத்தான் பூக்கும்?" என்றாய். கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு நீ கொண்டுவந்த பூவை வாங்கி மேசைமேல் வைத்தேன். அழகாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த ஜூனில் நீயும் உன் கணவரும் லீவுக்குப் போனீர்கள். பள்ளி திறப்பதற்குள் வந்துவிடுவேன் என்று தொட்டியை என்னிடம் விட்டுப் போனாய். என் கணவருக்கு அந்த வருடம் லீவு கிடைக்காததால் நாங்கள் ஊருக்குப் போகவில்லை. பகலில் ஹால் ஜன்னலோரம், இரவில் வெளியே என்று கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டேன். ஜூலையில் ஒரு சனிக்கிழமை அபுதாபிக்குக் கிளம்பிய அவசரத்தில் உள்ளே எடுத்துவைக்க மறந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பாதி இலைகள் கருகியிருந்தன.

மறுநாளே நீ கூப்பிட்டாய். செடி எப்படி இருக்கிறது என்றாய். "ஜம்முன்னு இருக்கு" என்றேன். படம் அனுப்பச் சொன்னாய். மே மாதம் உன் வாசலில் எடுத்த படம் ஒன்று போனில் இருந்தது. அதை அனுப்பினேன். உன் குரல் கம்மியிருந்தது. கேட்டதற்கு, ஊர்க் குளிர், சளி பிடித்திருக்கிறது என்றாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பேச்சை வளர்த்தால் செடியைப் பற்றி இன்னும் ஏதாவது கேட்பாயோ என்ற பயத்தில், அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

நீ பேசியது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. ஆகஸ்ட் முடிவதற்குள் நீ இல்லை.

வீட்டைக் காலிசெய்ய உன் கணவர் தனியாக வந்தார். பிப்ரவரியிலேயே வியாதி தெரியும் என்றார். என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாயாம். செடியை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். கருகிய இலைகளைப் பார்த்தபடி நின்றார்.

"நீங்க அனுப்பின படத்தை வர்ற நர்ஸுக்கெல்லாம் காட்டிட்டிருந்தா. உங்ககிட்டயே இருக்கட்டும்மா."



உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பிப்ரவரியிலிருந்து ஜூன்வரை ஒரு சுவருக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன். தினமும் டீ குடிக்க வந்தாயே, அதில் ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? என்மேல் உள்ள கோபத்தை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

செடி துளிர்த்துவிட்டது. போன வருடம் மொட்டே வைக்கவில்லை. இந்த வருடம் பதினொன்று. மொட்டு வைத்த பிறகு உரம் போடவில்லை, தொட்டியை நகர்த்தவில்லை, விரல் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றினேன். அப்படியும் ஏழு போய்விட்டன. என்ன தப்புச் செய்தேன் என்று கேட்க ஆளில்லை. மிச்சமுள்ள நாலு மொட்டாவது விரியும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

ஆனால் இப்போதெல்லாம் யாராவது நன்றாக இருப்பதாகச் சொன்னால் நான் அத்தோடு விட்டுவிடுவதில்லை. நேற்று அம்மா திருநெல்வேலியிலிருந்து பேசினாள். எப்போதும்போல, நல்லாத்தான் இருக்கேன் என்றாள்.

"இல்லம்மா. நெசமாச் சொல்லு" என்றேன்.



"முட்டு வீங்கி நாலு நாளாச்சு. மாடி ஏற முடியல" என்றாள்.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.