மரவள்ளி வேலி

1945 மாசி, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஊரைப் பிடித்திருக்கிற ஜப்பான்காரன் கணக்கில் இது 2605ஆம் வருடமாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால், குண்டு விழுந்தால் பதுங்க வெட்டிய குழியில் மறுபடியும் இடுப்பளவுத் தண்ணீர். போன மழையில் கடைசி வீட்டுப் பையன் அதில்தான் மூழ்கிப் போனான். மூடிவிடலாமா என்று வரிசைப் பொறுப்பாளரிடம் இன்னொரு தடவை கேட்டேன்.

"பிளேன் வர்ற காலம் தங்கச்சி. மூடினா என் தலைய எடுத்துருவான்லா."

பெரிய தலை!

மூங்கில் கிடைக்காமல் மரவள்ளிக் குச்சிகளை நெருக்கி ஊன்றி, குழியைச் சுற்றி நானே போட்ட வேலி இருக்கிறது. வேர்விட்டு நன்றாகத் தழைத்துவிட்டது. அந்த மட்டில் நிம்மதி.

செவ்வாய்

வெயில். சவுக்காரம் இல்லை, சாம்பலில்தான் துவைத்தேன். முதுகு விட்டுப் போகிறது.

நான் பாடம் எடுத்த பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து இந்த வரிசைப் பிள்ளைகள் எல்லாம் என் தலையில். தாய்மார் ஜப்பான்காரன் தோட்டத்தில் புல் வெட்டப் போகிறார்கள். பக்கத்து வீட்டுத் தெய்வானையின் ராணிக்கு மூன்று வயது. ஓர் இடத்தில் நிற்காது. அப்பன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவன். தகவலே இல்லை.

புதன்

வேலியடியில் பிள்ளைகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நகமெல்லாம் சேறு. "டீச்சர், கெழங்கு!" விரல் தடிமன்தான். அதையும் பச்சையாகக் கடிக்கிறார்கள்.

எனக்கு ஏன் தோன்றவில்லை? பசித்த பிள்ளைகளைத் தண்ணீர் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டு, அங்கேயே கிழங்கை நட்டு வைத்திருக்கிறேன். விரட்டினேன். போனார்கள், திரும்பி வந்தார்கள்.

வியாழன்

ராணி விழுந்துவிட்டாள்.

குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள். கிளறிய கரை சரிந்திருக்கிறது. கத்தவே இல்லை. தண்ணீர் தளும்பின சத்தம்கூட இல்லை. சட்டை மிதந்ததைப் பார்த்து இறங்கினேன். முடியைப் பிடித்துத் தூக்கி, கவிழ்த்து, முதுகில் தட்டினேன். தண்ணீர் வந்தது, பிறகு அழுகை. என் சாமி, அந்த அழுகை! எழுத்து இன்னும் கோணுகிறது.

மத்தியானம் வேலியைப் பிடுங்கி எறிந்தேன். கிழங்கு போச்சே என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "எங்க வயித்துல மண்ணைப் போட்டுட்டீங்களே டீச்சரம்மா!"

சாயங்காலம் தெய்வானையிடம் சொன்னேன். பிள்ளையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளி

வேலியும் இல்லை, குழியும் மூடவில்லை. கிழங்கு இல்லாததால் மற்ற பிள்ளைகள் இனிச் சொன்னால் கேட்பார்கள். ராணி கேட்க மாட்டாள். பழைய புடவையை அவள் இடுப்பில் சுற்றி வராந்தாத் தூணில் கட்டினேன். படிவரை எட்டும், அதற்கு மேல் எட்டாது.

காய்ச்சல் என்று தெய்வானை சீக்கிரம் வந்துவிட்டாள். பார்த்தாள்.

"என் புள்ளைய மாடு மாதிரி கட்டி வெச்சிருக்கீங்களே! அப்பன் இல்லாத புள்ளைன்னுதானே?"

"அப்ப நீயே வெச்சுப் பாத்துக்கோ!" என்றேன். என் வாய்க்குப் பூட்டு இல்லை. அவள் எங்கே வைத்துப் பார்ப்பாள்? ஒருநாள் போகாவிட்டால் அரிசி கிடையாது. இன்னும் மனசு ஆறவில்லை.

சனி

மூட்டம். விடியும்போதே தெய்வானை, இடுப்பில் ராணியோடு. கொடியில் கிடந்த புடவையை எடுத்து, பிள்ளையைத் தூணில் தானே கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முடிச்சும் போட்டாள்.

"அழுதாலும் அவுக்காதீங்கக்கா."

திரும்பிப் பார்க்காமல் போனாள். ராணி அழுகிறாள். அவிழ்க்கவில்லை.